காய்ந்த எச்சில், கறந்த பால், கன்றின் வாய்: ரேபிஸ் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாக வராது

2024-ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான நாய்க்கடிகள் 37 லட்சத்தைத் தாண்டின. 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதினொரு நாளில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது: கருத்தடையும் தடுப்பூசியும் முடித்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் (ரேபிஸ்) கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் வெளியே வரக்கூடாது. அன்று தொடங்கி நாய்களைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. கூடவே வேறொரு கவலையும் வீடுகளுக்குள் புகுந்திருக்கிறது. நாய் முகர்ந்த பால் பாக்கெட்டைத் தொட்டுவிட்டேன், நாய் படுத்த மிதியடியில் வெறுங்காலோடு நின்றேன், நாய் குடித்த குட்டையைக் கடந்து வந்த பஸ் என்மேல் தண்ணீரைத் தெளித்தது, எனக்கு ரேபிஸ் வருமா?

இதே 2025-இல் நடந்த இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் ஒரு கபடி வீரர் சாக்கடையில் விழுந்த நாய்க்குட்டியைக் காப்பாற்றினார். தூக்கும்போது அது விரலைக் கடித்தது. குட்டி நாய், சின்னக் கடி என்று விட்டுவிட்டார். ஊசி போடவில்லை. ஜூன் மாத இறுதியில் ரேபிஸால் இறந்தார்.

மிதியடிக்குப் பயந்து தூக்கமிழப்பவர்களும், குட்டியின் பல் பட்டதைத் துடைத்துவிட்டுப் போகிறவர்களும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: இந்தக் கிருமி எந்த வழியாக உள்ளே வருகிறது என்பது பலருக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை.

கிருமி உடம்பில் எங்கே இருக்கிறது?

ரேபிஸ் ஒரு வைரஸ் நோய். பாலூட்டிகளுக்கு மட்டுமே வரும். காகம், கோழி, பல்லி, பாம்பு, மீன் எதற்கும் இந்த நோய் வராது.

காய்ச்சல் வைரஸ்கள் பலவும் ரத்தத்தில் ஏறி உடம்பெங்கும் சுற்றும். ரேபிஸ் அப்படிப் போவதில்லை. கடிபட்ட இடத்தின் தசையில் சில நாட்களோ சில வாரங்களோ தங்கி, அங்கிருக்கும் நரம்பு முனையைப் பிடித்துக்கொண்டு, நரம்பின் உள்வழியாகவே மெல்ல ஏறி, தண்டுவடத்தையும் மூளையையும் அடைகிறது. பயணம் ஒரு நாளுக்குச் சில சென்டிமீட்டர்தான். காலில் கடித்தால் தூரம் அதிகம், முகத்தில் கடித்தால் குறைவு. கடித்த நாளுக்கும் நோய் தெரியும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் இருப்பதும், தலையிலும் முகத்திலும் விரல்களிலும் பட்ட கடி அவசரம் என்று மருத்துவர்கள் பதறுவதும் இதனால்தான். விரலும் இந்தப் பட்டியலில் இருப்பதற்குக் காரணம் அங்கே நரம்பு முனைகள் நெருக்கமாக இருப்பது.

மூளையில் பெருகிய பிறகு வைரஸ் மறுபடி நரம்புகள் வழியாகக் கீழிறங்கி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வருகிறது. அதன் பிறகுதான் அந்த விலங்கின் எச்சில் ஆபத்தாகிறது. நாயைப் பொறுத்தவரை, நோய்க்குறி வெளியே தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே எச்சிலில் கிருமி வந்துவிடும். அதன்பின் அது சில நாட்களில் செத்துவிடும். 'கடித்த நாயைப் பத்து நாள் கவனியுங்கள்' என்ற விதி இந்தக் கணக்கிலிருந்து வந்தது. கடித்த அன்று எச்சிலில் கிருமி இருந்திருந்தால், பத்தாம் நாள் அந்த நாய் நல்லபடியாக நடமாடிக்கொண்டிருக்க முடியாது. இந்த விதி நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே. குரங்கு, கீரி, நரி கடித்தால் காத்திருக்கக் கூடாது.

ஆக, கிருமி இருக்கும் இடங்கள் மூளை, நரம்புத் திசு, எச்சில். ரத்தம், சிறுநீர், மலம் வழியாக ரேபிஸ் தொற்றுவதில்லை. நாய் சிறுநீர் கழித்த டயரைத் தொட்டதற்காகப் பயப்பட ஒரு காரணமும் இல்லை.

மூன்று கேள்விகள்

மறைமுகமாகத் தொற்றியிருக்குமோ என்ற எந்தச் சந்தேகத்தையும் இந்த மூன்று கேள்விகளில் போட்டுப் பார்க்கலாம். மூன்றுக்கும் 'ஆம்' என்று வந்தால்தான் தொற்றுக்கு வழி உண்டு.

1. நோய் கண்டிருக்கக்கூடிய ஒரு பாலூட்டியின் எச்சிலோ நரம்புத் திசுவோ உண்மையிலேயே பட்டதா? 'பட்டிருக்குமோ' என்ற நினைப்பு இங்கே கணக்கில் வராது.

2. பட்டபோது அது ஈரமாக, புதிதாக இருந்ததா? இந்த வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. அந்த உறை போனால் வைரஸ் செத்தது. சோப்பு அதைக் கரைக்கும், ஸ்பிரிட் அழிக்கும், வெயில், உலர்தல், கொதிநிலை எதையும் அது தாங்காது. நிழலான, குளிர்ந்த இடத்தில் ஈரம் காயாமல் இருந்தால் சில மணி நேரம் பிழைத்திருக்கலாம். நம் ஊர் வாசலில், வெயிலில் காய்ந்த எச்சிலில் பிழைக்க வழியில்லை.

3. உள்ளே போக வாசல் இருந்ததா? முழுமையான தோல் ஒரு சுவர். அதன் வழியாக ரேபிஸ் நுழையாது. வாசல்கள் இரண்டே: தோல் கிழிந்த இடம் ஒன்று; கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் உள்ளே இருக்கும் ஈரமான சவ்வு மற்றொன்று. தோல் கிழிந்த இடம் என்றால் ரத்தமோ நீரோ கசிகிற புதுக் காயம். பொருக்குத் தட்டி ஆறிய புண்ணும், வறண்ட குதிகால் வெடிப்பும் அந்தக் கணக்கில் வராது.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

நாய் நக்கிய பாத்திரம்: சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே முடிந்துவிட்டது. மிதியடி, செருப்பு, சைக்கிள் சீட், கொடியிலிருந்து விழுந்த துணி எல்லாம் இதே வகை. இப்படிப்பட்ட பொருளைத் தொட்டதால் ஒருவருக்கு ரேபிஸ் வந்தது என்று மருத்துவ உலகில் நிரூபணமான ஒரு நேர்வுகூடக் கிடையாது. உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அதில் 99 சதவீதம் நாய் வழியாக, கடியாலோ பிராண்டலாலோ வருவது.

நாயைத் தடவியது, சோறு வைத்தது, நல்ல தோலில் நக்கியது: கையைக் கழுவினால் போதும். ஊசி தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இது முதல் வகை. தொற்று வாய்ப்பாகவே கொள்ளப்படுவதில்லை.

எலி, அணில், முயல் கடி: நம் நாட்டில் இவற்றால் மனிதருக்கு ரேபிஸ் பரவுவதில்லை என்பதால் வழக்கமாக ரேபிஸ் ஊசி போடுவதில்லை. எலிக்கடிக்கு வேறு நோய்கள் உண்டு, டெட்டனஸ் ஊசியும் பார்க்க வேண்டும். ஆகவே மருத்துவரிடம் போவது நல்லது.

ஈ, கொசு: இல்லை.

ரேபிஸ் நோயாளியைக் கவனித்துக்கொள்வது: இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கடைசி நாட்களில் இருக்கும் ஒருவரின் அருகில்கூடப் போகாமல் குடும்பமே விலகி நிற்கும் கொடுமை நடக்கிறது. ஒரே அறையில் இருப்பதாலும், கையைப் பிடித்துக்கொள்வதாலும், போர்வை மாற்றுவதாலும் இது தொற்றாது. மனிதர் கடித்து மனிதருக்கு வந்ததாக ஆய்வகத்தில் உறுதியான நேர்வும் இல்லை. நோயாளியின் எச்சில் கண்ணிலோ வாயிலோ புதுக் காயத்திலோ பட்டிருந்தால் மட்டும் ஊசி போட வேண்டும். கையுறையும் முகக்கவசமும் போதும். அதோடு பக்கத்தில் உட்காரலாம்.

பால் குடித்தவரும், வாய்க்குள் கைவிட்டவரும்

வெறிநாய் கடித்த பசுவோ எருமையோ செத்துப்போனதும், அதன் பாலைக் குடித்தவர்கள், மோர் வாங்கியவர்கள், விசேஷ வீட்டில் தயிர் சாதம் சாப்பிட்டவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நிற்கும் செய்தி அவ்வப்போது வருகிறது. பாலைக் காய்ச்சினால் இந்த வைரஸ் பிழைக்காது. காய்ச்சிய பாலையும், அதை உறைகுத்திய தயிரையும் சாப்பிட்டவருக்கு ஊசி தேவையில்லை. காய்ச்சாத பாலாலும் மனிதருக்கு ரேபிஸ் வந்ததாக உறுதியான நேர்வு இல்லை. ஆனாலும் நோய் கண்ட மாட்டின் பச்சைப் பாலைக் குடிக்கக் கூடாது, குடித்தவர் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே பாதுகாப்பான வழக்கம்.

அந்த வரிசையில் உண்மையிலேயே நிற்க வேண்டியவர் வேறொருவர். பல சமயம் அவர் அங்கே வந்திருக்கவே மாட்டார்.

மாட்டுக்கு ரேபிஸ் வந்தால் முதலில் தீவனம் எடுக்காது. தொண்டைத் தசைகள் செயலிழப்பதால் விழுங்க முடியாது. வாயிலிருந்து எச்சில் நூல்நூலாக ஒழுகும். குரல் மாறி, அடித்தொண்டையில் கத்திக்கொண்டே இருக்கும். பார்க்கிறவருக்குத் தொண்டையில் ஏதோ சிக்கியது போலவே தெரியும். மாங்கொட்டையோ பிளாஸ்டிக் பையோ அடைத்திருக்கும் என்று நினைத்து, வீட்டுக்காரர் ஒரு கையால் நாக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுகையை முழங்கை வரை உள்ளே விடுகிறார். கையில் வைக்கோல் கிழித்த கீறல் இருக்கும்; உள்ளே மாட்டின் கடைவாய்ப் பல் உரசும். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரைக் கூப்பிடுகிறார். மூன்று கேள்விகளுக்கும் இங்கே 'ஆம்': எச்சில் பட்டது, சூடாகவும் ஈரமாகவும் பட்டது, காயம் இருந்தது. நாய் கடித்த கன்றுக்கு மருந்து புகட்ட வாயைத் திறந்தவரும் இதே நிலையில்தான் இருக்கிறார்.

'நாய் என்னைக் கடிக்கவில்லையே, மாட்டைத்தானே கடித்தது' என்று அவர் நினைப்பார். 'மறைமுகம்' என்ற சொல்லுக்கு நடைமுறையில் ஏதாவது பொருள் உண்டென்றால் அது இதுதான். ஊரில் ஒரு மாடு இப்படிச் செத்தால், யார் பால் குடித்தார்கள் என்று கேட்பதற்கு முன் யார் வாய்க்குள் கைவிட்டார்கள் என்று கேளுங்கள்.

விதிவிலக்குகள்

கடி, பிராண்டல், எச்சில் தவிர வேறு வழியில் ரேபிஸ் வந்ததே இல்லையா என்றால், வந்திருக்கிறது. 1950-களில் அமெரிக்காவின் டெக்சாஸில், லட்சக்கணக்கான வௌவால்கள் அடைந்திருந்த ஃப்ரியோ குகைக்குள் சென்ற இருவர் ரேபிஸால் இறந்தனர். குகைக் காற்றில் மிதந்த நுண்துளிகளே காரணம் என்று அப்போது கருதப்பட்டது. கவனிக்காமல் விட்ட வௌவால் கடியாக இருக்கலாம் என்ற மறுப்பும் உண்டு. 2004-இல் அதே டெக்சாஸில், ரேபிஸ் என்று கண்டறியப்படாமல் இறந்த ஒருவரின் உறுப்புகளையும் ரத்தக் குழாயையும் பெற்ற நான்கு பேர் இறந்தனர். கருவிழி மாற்று வழியாகவும் சிலருக்குப் பரவியிருக்கிறது.

பயப்படுகிறவர்கள் இவற்றைத் தேடிப் படித்து இன்னும் பயப்படுகிறார்கள். ஆனால் இவையும் மேலே சொன்ன விதியை மீறவில்லை. உறுப்பு மாற்றில் நரம்புத் திசுவே நேராக உள்ளே வைக்கப்படுகிறது. குகையில் காற்றோட்டமில்லாத இடத்தில் எச்சில் துளிகள் அடர்த்தியாக மூக்கின் சவ்வில் பட்டிருக்கலாம். தெருவில் நம்மைக் கடந்து போகும் நாயின் மூச்சுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

நாம் கடி என்று நினைக்காத கடிகள்

ஒப்பிட்டால் இந்தப் பகுதிதான் உயிரை எடுக்கிறது. இரண்டாம், மூன்றாம் வகைத் தொற்று வாய்ப்புகளை ஜனங்கள் 'ஒன்றுமில்லை' என்று ஒதுக்கும் இடங்கள் இவை:

1. ரத்தம் வராத கீறல். தோலில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தாலும் அது இரண்டாம் வகை, தடுப்பூசி உண்டு. ரத்தம் வந்தால் மூன்றாம் வகை. தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்மருந்தும் வேண்டும்.

2. நகம். பூனையும் நாயும் பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பவை. பிராண்டலைக் கடிக்குச் சமமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

3. குழந்தையின் முகத்தை நாய் நக்குவது. கண்ணிலோ வாய்க்குள்ளோ எச்சில் பட்டால் கீறலே இல்லாவிட்டாலும் அது மூன்றாம் வகை.

4. குட்டிகள். இரண்டு மாதக் குட்டிக்கும் ரேபிஸ் வரும். தாய் கடிபட்டிருந்தாலோ வெறிநாய் ஒன்று குட்டிகளிடையே புகுந்திருந்தாலோ யாருக்கும் தெரியாது.

5. வீட்டு நாய். அது ஒருமுறை ஊசி போட்டது என்பதை மட்டும் நம்பிக் கடியை விட்டுவிடக் கூடாது. ஆண்டுதோறும் போட்டதா என்று சான்றைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இறப்பவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள். அவர்கள் உயரத்துக்கு நாயின் வாய் முகத்துக்கு நேராக வரும். இன்னொரு காரணம் இதைவிட வேதனையானது. 'தெருவுக்குப் போகாதே என்று சொன்னேனே' என்று அடி விழும் என்ற பயத்தில் குழந்தை கடியைச் சொல்லாது. மாலையில் கை கால் கழுவிவிடும்போது கீறல் தெரிந்தால், திட்டாமல் கேட்டால்தான் பதில் வரும்.

தொற்று வாய்ப்பு உண்மையானால் என்ன செய்வது?

முதல் வேலை குழாயடியில். ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பதற்றத்தில் இரண்டு நிமிடமே பதினைந்து போலத் தோன்றும். பல் பதிந்த குழிக்குள் நுரை போகும்படி காயத்தை விரித்துப் பிடிக்க வேண்டும். வலிக்கும், குழந்தை கத்தும், ஆனாலும் நிறுத்தக் கூடாது. நரம்பைப் பிடிப்பதற்கு முன் கிருமியைக் கழுவித் தள்ளும் வாய்ப்பு அந்த நேரத்தில் மட்டுமே கிடைக்கிறது. பிறகு பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி போடலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அவை காயத்தைப் புண்ணாக்கிக் கிருமியை ஆழத்துக்குத் தள்ளும். கட்டும் வேண்டாம், அவசரத் தையலும் வேண்டாம்.

அடுத்தது ஊசி. முதல் ஊசி போடும் நாளை 0 என்று கொண்டு, அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் இரண்டு கைகளிலும் போடுகிறார்கள். தசையில் போடும் முறை என்றால் 0, 3, 7, 14, 28. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயத்தில் இன்னும் தயங்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அது செம்மறியாட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் ஒரு காலத்தில் செய்தார்கள். இந்தியாவில் அது நின்று இருபது ஆண்டுகளாகின்றன. இப்போது போடுவது கையில் போடும் சாதாரண ஊசி. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், பச்சைக் குழந்தைகளும் போட்டுக்கொள்ளலாம்.

ஊசி போட்டும் சிலர் இறக்கிறார்களே என்ற கேள்வி நியாயமானது. 2025 ஏப்ரலில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த, தலையில் கடிபட்ட ஒரு சிறுமி தடுப்பூசிக்குப் பிறகும் இறந்தபோது தடுப்பூசியின்மீதே சந்தேகம் எழுந்தது. தடுப்பூசி நம் உடம்பை எதிர்ப்பொருள் தயாரிக்கச் சொல்கிறது. அதற்கு ஏழு முதல் பதினான்கு நாட்கள் ஆகும். அந்த இடைவெளியில் காப்பது இம்யூனோகுளோபுலின், அதாவது ஆயத்தமான எதிர்ப்பொருள். அதை ஒவ்வொரு காயத்துக்குள்ளும் காயத்தைச் சுற்றியும் செலுத்த வேண்டும். ஒரு காயம் விட்டுப்போனாலும், கழுவுவது தாமதமானாலும், அந்த இடைவெளியில் கிருமி நரம்பில் ஏறிவிடலாம். முகத்திலும் தலையிலும் பல கடிகள் பட்ட குழந்தைக்கு நேரம் மிகக் குறைவு. எல்லாம் செய்தும் கை நழுவும் நேர்வுகள் அரிதாக உண்டு. இதற்குத் தடுப்பூசியைக் குறை சொல்லி அடுத்தவர் போடாமல் இருந்துவிட்டால் அது இன்னொரு சாவு. நோய்க்குறி தெரிந்த பிறகு மருந்து இல்லை. தண்ணீரைக் கண்டதும் தொண்டை இழுத்துக்கொள்ளும் நிலைக்கு வந்தவர் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை.

ஆகவே மூன்றாம் வகைக் காயத்தோடு மருத்துவமனைக்குப் போனால், 'காயத்தைச் சுற்றிப் போடும் ஊசி போட்டாயிற்றா' என்று நீங்களே கேளுங்கள். சிறிய நிலையங்களில் அது இருப்பில் இல்லையென்றால் எங்கே இருக்கிறது என்று எழுதி வாங்கிக்கொண்டு அன்றே போங்கள். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாட்களுக்குள் அதைப் போட்டாக வேண்டும்.

பயம் மட்டும் போகாதவர்களுக்கு

மூன்று கேள்விகளில் ஒன்றுக்காவது 'இல்லை' என்று தெரிந்த பிறகும் சிலருக்கு மனம் அடங்காது. கையைத் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள், நாய் இருக்கும் தெருவைச் சுற்றிப் போவார்கள், ஒரே ஆண்டில் மூன்று முறை முழு ஊசி போட்டுக்கொள்வார்கள். அவர்களைக் கேலி செய்யக் கூடாது. இது மனம் சார்ந்த ஒரு சிக்கல். சிகிச்சை உண்டு, குணமாகும். டெலிமானஸ் என்ற அரசு உதவி எண் 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இன்னொரு ரேபிஸ் ஊசி அந்தப் பயத்தைத் தீர்க்காது. மருத்துவரின் பேச்சு தீர்க்கும்.

ஒருமுறை முழுத் தவணையும் போட்டு முடித்தவருக்கு உடம்பில் அந்த நினைவு நெடுங்காலம் நிற்கும். பிறகு உண்மையாகவே கடிபட்டாலும் 0, 3 ஆகிய இரண்டு நாட்களில் ஊசி போட்டால் போதும், இம்யூனோகுளோபுலினும் தேவைப்படாது. அதற்கு முந்தைய ஊசிகளின் தேதிகள் வேண்டும். மருத்துவமனையில் தரும் சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.